சர்வரில் விழுந்த சாவு

செல்போன் அலறியது.

காட்டுப் பாதை நெடுக சிக்னல் கிடையாது. ஜமுனாமரத்தூருக்குள் ஸ்கூட்டர் நுழைந்ததுதான் தாமதம்... அதுவரை செத்துக் கிடந்த போன் கத்த ஆரம்பித்துவிட்டது.

அன்பரசி டீக்கடை ஓரமாய் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். போனை எடுத்தாள்.

"அலோ...!"

"யாரும்மா பேசறது? அன்பரசி நம்பர்தானே?" ஓர் ஆண்குரல் மூக்கை உறிஞ்சியது.

"ஆமா... நீங்க யாரு?"

"கணியம்பாடி பெரியப்பாம்மா. வேன் புடிச்சாச்சு. வந்துகினே இருக்கோம். ஒண்ணு மட்டும் சொல்லு தாயி... பாடிய எப்ப எடுக்கறாங்க?"

"யார் பாடிய?"

"இன்னாம்மா இப்படிக் கேக்கற...? நம்ம அன்பரசி பாடியத்தான்!"

டீக்கடைக் கண்ணாடியில் அன்பரசிக்குத் தன் முகம் தெரிந்தது. உயிரோடுதான் இருந்தது.

"பெரியப்பா... நான்தான் அன்பரசி பேசறேன்!"



மறுமுனையில் ஓர் அலறல்!

"ஐயோ... பேசுதுடா! போன்ல பேசுதுடா!"

லைன் அறுந்தது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்தார். டீ கிளாஸுக்குள் விழாமல் அவர் காலில் விழுந்தது. சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"மேடம்... நீங்க... வெப்சைட்ல..."

தன் செல்போனை நீட்டினார்.

மலைச்சாரல் உழவர் கம்பெனியின் வெப்சைட். முகப்பில் நேற்று வரை புளியும் சாமையும் தேனும் இருந்த இடத்தில்...

கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவே அன்பரசி, ஆதார் அட்டையில் இருக்கும் அதே அழகான முகத்தோடு!

'கண்ணீர் அஞ்சலி. எங்கள் கம்பெனி மேலாளர் செல்வி அன்பரசி நேற்று இயற்கை எய்தினார்.'

அதற்குக் கீழேயே பச்சைப் பட்டன்.

'கூடையில் சேர்க்க.'

அன்பரசி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

தான் செத்துப்போனதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வெப்சைட் செத்துப்போயிருந்தது. அதுவும் இன்றைக்குப் பார்த்து!

---

கம்பெனி வாசலில் மண்டி லாரி நின்றிருந்தது.

எஞ்சினை அணைக்காமல் நின்றிருந்தது.

மலையில் விளையும் புளியும் சாமையும் எப்போதும் அந்த லாரியில்தான் இறங்கும். மண்டி சொன்னதுதான் எடை. மண்டி வைத்ததுதான் விலை. இந்த வருஷம் அன்பரசி எழுந்து நின்று, "நம்ம சரக்க நாமே வெப்சைட்ல விப்போம்" என்றாள். ஊரே யோசித்தது. கடைசியில் தலையாட்டியது.

இன்றைக்குப் பொதுக்குழு. வெப்சைட்டை நிரந்தரமாய் எந்த சர்வரில் ஏற்றுவது என்று இன்றைக்கு முடிவாக வேண்டும். முடிவானதும் விற்பனை தொடங்கும். இல்லையென்றால் மூட்டைகள் லாரியில் ஏறும். அவ்வளவுதான் கணக்கு.

கூடத்தில் இருந்தவர்கள் மரம் ஏறிப் புளி உலுக்கியவர்கள். ஓடு தட்டித் தட்டி விரல் காய்த்தவர்கள். ஒரு தடவை ஏமாந்தால் இரண்டாம் தடவை நிற்க மாட்டார்கள். வாழ்க்கை அவர்களுக்கு இரண்டாம் தடவை கொடுத்ததில்லை.

அன்பரசி உள்ளே நுழைந்ததும் முதல் வரிசையில் ஒருத்தி வீறிட்டாள்.

"பேய்... பேய் வந்துட்ச்சு!"

"பேய்னா சேர்ல உக்காந்து மீட்டிங் நடத்துமா? சும்மா இரு!" தலைவர் தீர்த்தகிரி அதட்டினார். அறுபது வயது. ஏர் பிடித்தே இறுகிய தோள். அன்பரசியின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். சூடாக இருந்தது. மூச்சு வந்தது அவருக்கு.

"இன்னாம்மா கூத்து இது? வெளிய லாரிக்காரன் டிஃபன் துன்னுகினு கீறான். துன்னு முடிச்சதும் ஏத்தலாமான்னு கேக்கறான். பாதிப் பேரு ஏத்திடலாம்ன்றாங்க. 'ஆளையே சாவடிக்கிற வெப்சைட்டு, நம்ம புளிய இன்னா பண்ணும்'ன்றாங்க!"

"கொஞ்சம் பொறுங்க தலைவரே. யார் வேலைன்னு பாத்துடலாம்."

"பாத்துடலாம்!" என்றது வாசலில் ஒரு குரல்.

சப்-இன்ஸ்பெக்டர் அமுதவல்லி! காக்கி உடுப்பு. கையில் லத்திக்குப் பதில் செல்போன். அதில் அதே கண்ணீர் அஞ்சலி.

"சாவுன்னு தகவல் வந்துது. பாடி எங்க?"

"நான்தாங்க மேடம் பாடி," என்றாள் அன்பரசி.

அமுதவல்லி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நல்ல கண்டிஷன்ல இருக்கு. போஸ்ட்மார்ட்டம் வேணாம். யார் மேல சந்தேகம்?"

"என்னைக் கேளுங்க மேடம்!"

சட்டையை டக் இன் செய்த ஒருவன் எழுந்தான். வெற்றிச்செல்வன். கலசப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கடை. இரண்டு கையிலும் ஒவ்வொரு செல்போன்.

"சந்தேகமே வேணாம். அதோ உக்காந்திருக்கான் பாருங்க... லினக்ஸ்காரன். அவன்தான் ஹேக் பண்ணிட்டான்!"

எல்லாத் தலையும் மூலைக்குத் திரும்பியது.

மூலையில் உஸைர். வாணியம்பாடி. ஒல்லி. மடியில் லேப்டாப். அவனுடைய அப்பா தோல் பட்டறையில் தைத்துக் கொடுத்த பை காலடியில்.

"யா அல்லா... நானா? நான் இன்னும் நாஷ்டாவே சாப்பிடலீங்க!"

---

அமுதவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"லினக்ஸ்னா இன்னா, விண்டோஸ்னா இன்னா? ஸ்டேஷன்ல எழுதற மாதிரி சொல்லுங்க. சுருக்கமா."

அன்பரசி மேஜையைக் காட்டினாள். ஒரே அளவில், ஒரே விலையில் இரண்டு பெட்டிகள். ஒன்று வெள்ளை. ஒன்று கறுப்பு.

"வெப்சைட்டு இந்த மாதிரி ஒரு பெட்டிலதாங்க குடியிருக்கும். பெட்டிய ஓட்டறதுக்கு உள்ள ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேணும். வெள்ளைப் பெட்டில விண்டோஸ் சர்வர். வெற்றி குடுத்தது. கறுப்புப் பெட்டில லினக்ஸ். உஸைர் குடுத்தது. எது நல்லதுன்னு தெரியல. தலைவர்தான் சொன்னாரு..."

"ரெண்டு மாட்டையும் ஒரே ஏர்ல பூட்டிப் பாருன்னேன்," என்றார் தீர்த்தகிரி.

"போன வாரம் லினக்ஸ். இந்த வாரம் விண்டோஸ். இன்னிக்கு முடிவு."

"ஆக, சாவு விழுந்தது விண்டோஸ் வாரத்துல?"

"ஆமாங்க."

"விண்டோஸ் கெட்டா லாபம் யாருக்கு? லினக்ஸ்காரனுக்கு!" வெற்றிச்செல்வன் கையைத் தட்டினான். "இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

கூடத்தில் முணுமுணுப்பு.

வெளியே லாரி ஹாரன் அடித்தது.

உஸைர் எழுந்து மெல்ல வெள்ளைப் பெட்டியின் பக்கம் போனான். ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

சிரித்தான்.

"மேடம்... ஹேக் பண்றதுக்கு மூளை வேணும். இதுக்கு விரல் போதும். தலைவரே, கொஞ்சம் இப்படி வாங்க!"

"நானா? நான் எலியவே அடிச்சதில்ல, மவுஸ எங்க புடிக்கறது!"

"புடிங்க. உங்க வூட்டு ஆட்ட நான் போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன். அதை அமுக்குங்க... விடாதீங்க... அப்படியே இழுத்து அந்த மஞ்சள் ஃபோல்டர்ல, பழைய படத்து மேல போடுங்க. 'மாத்தவா'ன்னு கேக்கும். ஆமான்னு அமுக்குங்க."

மண்வெட்டி பிடித்த கை மவுஸைப் பிடித்தது. இழுத்தது. போட்டது. அமுக்கியது.

"ஆச்சா?"

"ஆச்சு. எல்லாரும் அவங்கவங்க போன்ல வெப்சைட்டப் பாருங்க!"

ஒரு நிமிஷம்.

"அட... ஆடு!"

"அன்பரசி போய்ட்டா... ஆடு வந்துட்ச்சு!"

கூடம் வெடித்துச் சிரித்தது. கறுப்புக் கட்டத்துக்கு நடுவே, இரண்டு குத்துவிளக்குக்கும் இடையில் தீர்த்தகிரியின் ஆடு தாடியோடு நின்றது. கீழே 'இயற்கை எய்தினார்.'

"ஐயோ... எடுப்பா எடு! நல்லா மேயற ஆடு!" தீர்த்தகிரி பதறினார்.

"பாத்தீங்களா மேடம்? பாஸ்வேர்ட் கேக்கல. யாருன்னு கேக்கல. எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்து வெச்சிருக்காரு நம்ம வெற்றி அண்ணன்."

வெற்றிச்செல்வன் டக் இன் செய்த சட்டையை இன்னும் உள்ளே திணித்தான்.

"அது... அது கஸ்டமர் வசதிக்கு! யார் வேணும்னாலும் படம் மாத்தலாம்... அவ்ளோ ஈஸின்னு நோட்டீஸ்லயே போட்டிருக்கேன்!"

"யார் வேணும்னாலும் மாத்திட்டாங்க," என்றாள் அமுதவல்லி.

"இப்ப கறுப்புப் பெட்டி." உஸைர் இன்னொரு ஜன்னலைத் திறந்தான். "அதே ஆட்ட இதுல போடுங்க தலைவரே!"

தீர்த்தகிரி இழுத்தார். போட்டார். திரையில் சிவப்பாய் ஒரு வரி.

"இன்னா சொல்லுது?"

"'நீ யாருய்யா'ன்னு கேக்குது."

"எங்கிட்டயேவா? கம்பெனி தலைவருய்யா நான்!"

"அதுக்கு அதெல்லாம் தெரியாதுங்க. பேரும் சாவியும் சொன்னாத்தான் விடும்." உஸைர் வெற்றியைப் பார்த்தான். "ஆனா ஒண்ணு. விண்டோஸ் மேல பழி போடாதீங்க. அதுலயும் கதவு இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. சாத்தாம விட்டது ஆளு. நானும் லினக்ஸ்ல எல்லாத்தையும் தொறந்து போட்டா, ஆடு இங்கயும் மேயும்."

அமுதவல்லி எழுந்தாள். பூட்ஸ் சத்தம் கூடத்தை அமைதியாக்கியது.

"ஆக, வெளியாள் இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்ல உக்கார்ற ஆளு. யாரு உக்கார்றது?"



யாரோ விசும்பினார்கள்.

வடிவு! ஆர்டர் பார்க்கிற பெண். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"நான்தாங்க போட்டேன்... எங்க குரூப்புக்கெல்லாம் லிங்கும் நான்தான் அனுப்பினேன்..."

"வடிவு...! நீயா?" அன்பரசி நம்ப முடியாமல் பார்த்தாள். "நான் உனக்கு இன்னாடி பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலக்கா. மாதம்மா அத்தைதான் போடச் சொன்னாங்க!"

அன்பரசி திரும்பினாள்.

கடைசி வரிசையில், புளி மூட்டைக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள் மாதம்மாள்.

அன்பரசியின் அம்மா!

---

"ஆமா. நான்தான் போடச் சொன்னேன். இன்னா இப்ப?"

"யம்மா... பெத்த பொண்ண யாராவது சாவடிப்பாங்களா?"

"சாவக் கூடாதுன்னுதாண்டி சாவடிச்சேன்!"

அமுதவல்லி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். இந்த வாக்குமூலத்தை நின்றுகொண்டு கேட்க முடியாது.

"உந்தலைல காக்கா உக்காந்துட்ச்சு. தலைல காக்கா உக்காந்தா ஆள் தங்காது. அதுக்கு ஒரே பரிகாரம்தான்... செத்துட்டான்னு சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும். அவங்க நெசமா அழணும். அந்தக் கண்ணீர்ல தோஷம் கரைஞ்சுடும். உங்கப்பாவுக்கே ஒருவாட்டி தந்தி அடிச்சோம். அப்புறம் எவ்ளோ காலம் இருந்தாரு!"

கூடத்தில் வயதானவர்கள் தலையாட்டினார்கள். வழக்கம் தெரிந்தவர்கள். காக்கா என்றால் இதுதான் முறை.

"அதுக்கு நாலு பேருக்கு போன் போட வேண்டியதுதானே! வெப்சைட்லயா போடுவாங்க?"

"தந்திதான் இப்ப இல்லையே! போன்ல சொன்னா எவன் நம்பறான்? நீதானடி தெனம் சொல்லிகினு இருந்த... 'வெப்சைட்ல வந்தாத்தாம்மா உலகம் நம்பும்'னு. நம்பிச்சா இல்லையா?"

 

முதலில் சிரித்தது தீர்த்தகிரி. பிறகு கூடம் முழுக்க. அழுதுகொண்டிருந்த வடிவும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வெற்றிச்செல்வன்.

"பாத்தீங்களா! ஹேக்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. குடும்ப விஷயம்! நம்ம முடிவ எடுத்துடலாமா தலைவரே? விண்டோஸ்னா எல்லாருக்கும் பழக்கம்..."

லாரி மறுபடி ஹாரன் அடித்தது. நீளமாக. டிரைவர் வாசலில் தலை நீட்டினான்.

"ஏத்தறதா, இல்லையா? டீயும் குடிச்சுட்டேன்!"

அன்பரசி எழுந்து நின்றாள். சிரிப்பு அடங்கியது.

"உஸைரு, ஊருக்குப் புரியற மாதிரி சொல்லு. எது நமக்கு ஆவும்?"

"நம்ம வெப்சைட்டு பி.ஹெச்.பி.ன்ற கம்ப்யூட்டர் மொழில எழுதினது. அதுக்கு லினக்ஸ்தான் பொறந்த வூடு. லைசென்ஸ் காசு கெடையாது. சின்னப் பெட்டில, கம்மி மெமரில ஓடும். இதே உங்க வெப்சைட்ட விண்டோஸ் கம்பெனியோட பழைய டாட் நெட்ல எழுதியிருந்தா நானே விண்டோஸ் போடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"லினக்ஸ்லயும் ரகம் இருக்குன்னியே?"

"இருக்கு. எனக்குப் புடிச்சது டெபியன். கடப்பாரை மாதிரி. பளபளப்பு இருக்காது, வளையாது. இன்னொண்ணு உபுண்டு. அதுலயே எல்.டி.எஸ்.னு ஒரு ரகம், அஞ்சு வருஷத்துக்கு அப்டேட் தருவாங்க."

"நாளைக்கு நீ நிக்கா பண்ணிகினு துபாய் போய்ட்டேன்னு வை. ராத்திரி பகல் பாக்காம நாங்க யார்கிட்ட ஓடறது? திருவண்ணாமலைல, வேலூர்ல... ஆள் சுலபமா கெடைக்கிறது எதுக்கு?"

உஸைர் தலையைச் சொறிந்தான்.

"அது... உபுண்டுவுக்குத்தான்."

"அப்ப அதான். உனக்குப் புடிச்சத உன் வூட்ல போட்டுக்கோ. கம்பெனிக்கு ரிப்பேர் பாக்க ஆள் கெடைக்கிறதுதான் வேணும். சாவி என்கிட்டயும் தலைவர்கிட்டயும் தனித்தனியா. வடிவுக்குப் படம் மாத்தற கதவு மட்டும். இன்னிக்கு இந்தக் கறுப்புப் பெட்டிலயே ஏத்து. கரண்ட் போற ஊரு இது, அடுத்த வாரம் சென்னைல வாடகை சர்வருக்கு மாத்திடு. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க!"

காய்த்துப்போன கைகள் ஒவ்வொன்றாய் எழுந்தன. ஒருத்தி புளிக்கொட்டை ஒட்டிய கையைக் கழுவாமலே தூக்கினாள். கூடம் முழுக்கக் கைகள்!

தீர்த்தகிரி டிரைவரைப் பார்த்துச் சொன்னார்.

"வண்டிய எடு கண்ணு. காலியா எறங்கறப்ப வளைவுல பிரேக் பாத்துப் போடு."

உஸைர் தட்டினான். கறுப்புப் பெட்டி கண் சிமிட்டியது. வெப்சைட்டில் புளியும் சாமையும் திரும்பி வந்தன. துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் இன்னும் கலையாமல் வெப்சைட்டிலேயே நின்றிருந்தது போல...

'டிங்!'

முதல் ஆர்டர். பின்னாலேயே இன்னொன்று. 'டிங்... டிங்!'

கூடம் கைதட்டியது.

அந்தச் சத்தத்தில் வெற்றிச்செல்வன் மெதுவாக வாசல் பக்கம் நழுவினான்.

"ஏம்பா வெற்றி... எங்க கெளம்பிட்ட?"

அமுதவல்லி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"க... கடைக்கு மேடம்."

"ஒரு சின்ன டவுட். மாதம்மா, காக்கா உக்காந்தத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லீங்களே. பொண்ணு நேத்து பூரா கண்ணமங்கலத்துல சாக்கு வாங்கிகினு அங்கியே தங்கிட்டா. நான் எங்க பாக்கறது? இந்தத் தம்பிதான் பாத்துட்டு வந்து பதறிப்போய்ச் சொல்லுச்சு. அவகிட்ட சொல்லக் கூடாது, நாள் பூரா வூட்ட வுட்டு வெளிய வுடக் கூடாதுன்னும் சொல்லுச்சு. நல்ல மனசு!"

மாதம்மாளின் விரல் வெற்றிச்செல்வனை நோக்கி நீண்டது.

கூடம் திரும்பியது.

"ஆ... ஆமா மேடம். பாத்தேன். கண்ணமங்கலம் ரோட்ல. அன்பரசி மேடம் வண்டில போறப்ப காக்கா நேரா வந்து தலைல உக்காந்து... முடியக் கொத்திட்டுப் போச்சு!"

"வண்டில போறப்பவா?" அன்பரசி கேட்டாள்.

"வண்டில போறப்பத்தான்!"

"நான் ஹெல்மெட் போட்டிருந்தேனே!"



"முடியக் கொத்தணும்னா," அமுதவல்லி நிதானமாய்ச் சொன்னாள், "காக்கா மொதல்ல தாடைக்கு அடில பட்டிய கழட்டியிருக்கணும்."

வெற்றிச்செல்வனின் டக் இன் செய்த சட்டை வெளியே வந்துவிட்டிருந்தது. வியர்வை காதோரமாய் இறங்கியது.

"தப்புதான் மேடம்... அன்பரசி மேடம் மீட்டிங் வந்தா லினக்ஸ்தான் சொல்வாங்கன்னு தெரியும். ஒரே ஒரு நாள் வூட்டுக்குள்ள வெச்சிருந்தா தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிடலாம்னு... ரெண்டு பேர்கிட்ட போன்ல சொல்லி அழுவாங்கன்னு நெனச்சேன். என் சர்வர்லயே போஸ்டர் அடிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்!"

"அடப்பாவி!" மாதம்மாள் முந்தானையை இறுக்கினாள். "என் பொண்ணு உயிர வெச்சாடா பெட்டி வித்த?"

உஸைர் குறுக்கே புகுந்து அவளைப் பிடித்துக்கொண்டான். "விடுங்கம்மா... விடுங்க! அவரு கதவு சாத்தாம விட்டதாலதான் அவரு குட்டே வெளிய வந்துது!"

"கேஸ் போடட்டுமா?" என்றாள் அமுதவல்லி. "சாட்சிக்கு அந்தக் காக்காவத் தேடணும், அதான் யோசிக்கிறேன்."

"வேணாங்க," என்றாள் அன்பரசி. "அவர் பெட்டிய அவரே தூக்கிகினு போகட்டும்."

அப்போது வாசலில் வேன் ஒன்று வந்து நின்றது.

கணியம்பாடி பெரியப்பா! பின்னால் பத்துப் பதினைந்து பேர். ஆளுயர ரோஜா மாலை. இரண்டு மேளம். ஒப்பாரிக்குத் தயாராய்த் தொண்டையைச் செருமியபடி இறங்கியவர்கள் அன்பரசியைப் பார்த்தார்கள். பெரியப்பா வேனுக்குள் திரும்ப ஏறப் பார்த்தார். மாதம்மாள் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லி இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"நல்லா இரும்மா," பெரியப்பா கண்ணைத் துடைத்தார். "அழுததப் பத்தி ஒண்ணும் இல்ல. ஆனா சாவுக்கு வாங்கின மாலைய வூட்டுக்குத் திருப்பி எடுத்துகினு போகக் கூடாதே. மேளக்காரனும் அடிக்காம எறங்க மாட்டான். இத இப்ப யாருக்குப் போடறது?"

எல்லாரும் ஒரே திசையில் பார்த்தார்கள்.

சற்று நேரத்தில் வெள்ளைப் பெட்டிக்கு மாலை விழுந்தது. மேளம் அதிர்ந்தது. தோளில் பெட்டியோடு வெற்றிச்செல்வன் கடைத்தெருவில் நடக்க, பெரியவர்கள் பின்னால் நாலடி நடந்து கொடுத்தார்கள்.

அமுதவல்லி ஜீப்பிலிருந்து தலையை நீட்டினாள்.

"வெற்றி... பாத்து மெதுவா தூக்கிகினு போ. வழியில எங்கயாவது ரீஸ்டார்ட் ஆயிட்ச்சுன்னா, பாவம்... வந்த சனம் மறுபடியும் மொதல்லேர்ந்து அழணும்!"